தோமா என்றொருவர் இல்லை

கிரெய்கிபர்ன், மெல்பேர்ண்
மார்கழி 14

அன்பு மச்சாள் மிருணாளினிக்கு,

யோகா எழுதுகிறேன். நானும் அத்தானும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம். மகன் கபிலன் ட்ருகனினாவில் தனி வீடு எடுத்துப் போன பிறகு இரண்டு பேருக்கு மட்டும் சமைப்பது எப்படி என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. ஒவ்வொரு நாளும் மிஞ்சுகிறது. கிளிநொச்சியில் வெள்ளம் வடிந்துவிட்டதா? குளத்துக் கதவு திறந்த படத்தை போனில் பார்த்துப் பயந்துபோனேன். உமது வீட்டுப் படி வரைக்கும்தான் தண்ணீர் வந்தது என்று உமது தம்பி பாலா சொன்ன பிறகுதான் நிம்மதி.

போன ஞாயிற்றுக்கிழமை லைன் அறுந்துவிட்டது என்று பாலாவிடம் சொன்னீராம். அறவில்லை, நான்தான் போனை வைத்தேன். அது உமக்கும் தெரியும். தெரிந்தும் அப்படிச் சொன்னது உமது குணம். நீர் கேட்டதற்கு வாயால் மறுமொழி சொல்ல எனக்கு ஏலாது. அதனால்தான் பேப்பரை எடுத்தேன். ஆனால் அதற்கு முன்னால் எங்கள் பக்கத்து வீட்டுப் புதினம் ஒன்றைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் என் மறுமொழி உமக்கு விளங்காது.

நாங்கள் இந்த வீட்டுக்கு மாறியது பங்குனியில். இடப்பக்க வளவில் ஒரு கிழவர் தனியாக இருக்கிறார். எண்பது தாண்டியிருக்கும். முன்பு கார் பக்டரியில் வேலை செய்தவராம், அப்போது இங்கிலீஷும் நன்றாகப் பேசினவராம். வயது போகப் போக அது கழன்று விழுந்து, இப்போது சொந்தப் பாஷை மட்டும்தான் மிச்சம். அது ஸ்பானிஷ் என்று கபிலன் வேலிக்கு மேலே போனைப் பிடித்துக் கண்டுபிடித்தான். மொழிபெயர்க்கவும் பார்த்தான். கிழவர் பாதிச் சொல்லை விழுங்கிவிடுவதால், 'குளிர்சாதனப் பெட்டியின் குதிரை' என்று போன் சொன்னது. கபிலன் அத்தோடு விட்டுவிட்டான்.

நான் விடவில்லை. வந்த கிழமையே அவர் பலகை வேலிக்கு மேலால் ஒரு பை தேசிக்காயை நீட்டி, "தோமா, தோமா" என்றார். நல்ல வேதக்காரப் பெயர் என்று நினைத்து, நானும் நெஞ்சைத் தொட்டு "யோகா" என்றேன். அவர் சிரித்துவிட்டு இன்னும் பலமாக "தோமா" என்றார். அன்றிலிருந்து அவர் எங்களுக்குத் தோமா அங்கிள். இதில் ஒரு விசித்திரம். நான் வேலியடியில் நின்று "தோமா அங்கிள்" என்று கூப்பிட்டால், மனுசன் எங்கே நின்றாலும் இரண்டு கையையும் ஏந்திக்கொண்டு வருவார். ஏந்தின கையை வெறுமையாகத் திருப்பி அனுப்ப மனம் வருமா? அதனால் ஒன்றும் இல்லாமல் நான் அவரைக் கூப்பிடுவதேயில்லை. வடை, ரொட்டி, மிஞ்சின புட்டு. புட்டை அவர் மணந்து பார்த்த விதத்தை நீர் பார்த்திருக்க வேண்டும்.

தேசிக்காய்க்கு நன்றி சொன்னால் தலையைச் சரித்து "தே நாதா" என்பார். அத்தானுக்கு அது பொறுக்கவில்லை. கட்டின நாளிலிருந்து இந்த வீட்டில் ஒருத்தி என்னை நாதா என்று கூப்பிட்டதில்லை, வேலிக்கு அங்காலே நிற்கிற கிழவன் என் மனுசியைக் கூப்பிடுகிறானே என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். பிறகு மீரா. பூத்த ரோசாவைக் காட்டி "மீரா, மீரா" என்பார். கிளி பறந்தால் மீரா, மேகம் கறுத்தால் மீரா. செத்துப்போன மனைவியாக இருக்கும், பார்க்கிறதையெல்லாம் அவளுக்குச் சொல்கிறார் என்று நான் முடிவு கட்டினேன். அதைக் கோயிலில் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். கொஞ்ச நாளில் அந்த மீரா கேரளத்து நர்ஸ் என்றும், கப்பலில் வந்து காதலித்துக் கட்டினவள் என்றும் அன்ரிமார் எனக்கே வந்து சொன்னார்கள்.

இதெல்லாம் சிரிப்பு. சிரிக்க முடியாதது ஒன்று இருக்கிறது.

பின்னேரம் வெயில் சரிகிற நேரம் அவர் வளவின் பின்மூலைக்குப் போய் நின்று கூப்பிடுவார். யாரை என்று தெரியாது. இழுத்து, மெதுவாக, இரண்டு மூன்று தடவை. அது "பேனக்கா" என்று கேட்கிறது, உம்மட தலையில பேன் என்கிறார் என்று அத்தான் பகிடி விட்டார். எனக்குப் பேன் கேட்கவில்லை, மிருணா. "ஏனக்கா" என்றுதான் கேட்டது. பிறகு வெறும் "அக்கா… அக்கா". பேசும்போது கிழட்டுக் குரல். கூப்பிடும்போது மட்டும் அதில் வயது இல்லை.

இந்த நாட்டில் நான் எல்லாருக்கும் அன்ரி. உமக்கு மச்சாள். என்னை அக்கா என்று கூப்பிட ஒருவன்தான் பிறந்தான். அது வேறு பாஷை, வேறு ஆள் என்று எனக்குத் தெரியும், என் புத்தி நன்றாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அந்த நேரம் வந்தால் குசினிக் குழாயைப் பூட்டிவிட்டு யன்னலடியில் நிற்கிறேன். தண்ணீர்ச் சத்தத்தில் அது கேட்காமல் போய்விடக்கூடாது. அத்தான் இப்போது பகிடி விடுவதில்லை. நான் நிற்பதைக் கண்டால் டிவியின் சத்தத்தைக் குறைக்கிறார்.

இனி உமது கேள்வி. கல்யாணக் கார்ட்டில் மகள் அகல்விழியின் தகப்பன் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று போடுவதா இல்லையா என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்கிறார்கள், மூத்தவள் நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்றீர். சொல்கிறேன். போட வேண்டாம். தம்பியின் பெயரை இளங்கீரன் என்று மட்டும் போடும். சண்டை முடிந்த நாள் வட்டுவாகலில் நீரும் பிள்ளையும் பார்த்துக்கொண்டு நிற்க ஆமிக்காரர் அவனைப் பஸ்ஸில் ஏற்றினார்கள். ஏற்றினவர்கள் எங்கே இறக்கினோம் என்று சொல்லட்டும். அதற்குப் பிறகு என்ன சொல் போடுவது என்று நாங்கள் யோசிக்கலாம்.

கார்ட்டை இப்போதைக்கு அச்சுக்குக் கொடுக்காமல் வைத்திரும். உம்மைக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

உமது மச்சாள்
யோகா


கிரெய்கிபர்ன்
மாசி 9

என் மிருணாவுக்கு,

என் கடிதம் கிடைத்ததும் நீர் போனில் "சரி மச்சாள்" என்று மட்டும் எழுதி அனுப்பினீர். வேறொன்றும் இல்லை. கோபித்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். அந்த இரண்டு சொல்லையும் அன்றிலிருந்து சுமந்துகொண்டு திரிகிறேன்.

இங்கே ஒரு சம்பவம் நடந்துவிட்டது. யாருக்கும் உயிராபத்து இல்லை, பயப்படாமல் படியும்.

பொங்கல் கழிந்த கிழமை வெயில் நெருப்பாகக் கொட்டியது. வடகாற்று அடிக்கும் நாளில் இங்கே வெளியில் தலை காட்ட முடியாது. திரைச்சீலையை எல்லாம் இழுத்து விட்டு, மத்தியானச் சாப்பாடு முடிந்து, நானும் அத்தானும் ஹோலில் காற்றாடிக்குக் கீழே இருந்தோம். தெருவில் குருவிச் சத்தம்கூட இல்லை. அப்போது பக்கத்து வளவில் இருந்து ஒரு குரல் வந்தது.

"ஆயுதமே… ஆயுதமே…"

சுத்தத் தமிழ், மிருணா. மேடையில் பேசுகிறவன்கூட இவ்வளவு தெளிவாகச் சொல்ல மாட்டான். நான் திரும்பிப் பார்க்கும்போதே அத்தான் எழும்பிவிட்டார். முன்கதவைப் பூட்டினார், பின்கதவைப் பூட்டினார், வந்து என் கையைப் பிடித்து யன்னலுக்குக் கீழே நிலத்தில் இருத்தினார்.

"ஆயுதம் எண்டு கத்துறான். வெளியில போகாதையும்."

கிரெய்கிபர்னில், காப்பெற் போட்ட ஹோலில், பென்ஷன் எடுக்கிற மனுசன் தலையைக் குனிந்து குந்தியிருக்கிறார். அந்த நேரம் அவர் எந்த வருஷத்தில், எந்த வீட்டுக்குள் இருந்தார் என்று எனக்குத் தெரியாது. அவர் எனக்குச் சொன்னதில்லை. ஊரில் எங்கள் ஒழுங்கையில் யாராவது அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொன்னால் பிறகு என்ன வரும் என்பது மட்டும் எனக்கும் தெரியும். அவ்வளவு வெக்கையிலும் அவருடைய உள்ளங்கை குளிர்ந்து கிடந்தது. நானும் இருந்தேன். பயம் எனக்கும் தொற்றிவிட்டது.

பிறகு அந்தக் குரல் மெலிந்தது. நிலத்தில் இருந்து வருவது போல வந்தது. "அக்கா… அக்கா…"

நான் அத்தானின் கையைக் கழற்றினேன். யோகா, போகாதையும் என்று கெஞ்சினார்.

"என்னைத்தான் கூப்பிடுறான்" என்றேன்.

கூப்பிடுறார் என்று நான் சொல்லவில்லை. அதை அத்தான்தான் பிறகு எனக்குச் சொன்னார். அந்தச் சொல்லைக் கேட்டுத்தான் என் கையை விட்டாராம்.

செருப்புப் போடாமல் ஓடினேன். சீமெந்து காலைச் சுட்டதே எனக்கு இரவுதான் தெரிந்தது. கிழவர் தேசி மரத்தடியில் கிடந்தார். தண்ணீர்க் குழாய் பக்கத்தில் திறந்தபடி ஓடிக்கொண்டிருந்தது. ஒரு கால் கோணலாகத் திரும்பியிருந்தது, உதடு வெடித்திருந்தது. என்னைக் கண்டதும் "அக்கா" என்று சொல்லி, கையால் நிலத்தைத் தட்டிக் காட்டினார். நான் அந்த இடத்திலேயே இருந்து அவருடைய தலையைத் தூக்கி மடியில் வைத்தேன். குழாய்த் தண்ணீரை நெற்றியில் விட்டேன். கண்ணை மூடித் திறந்தார். யாருடைய தலையை வைத்திருக்கிறேன் என்று நான் நினைத்தேன் என்பதை உமக்கு எழுதத் தேவையில்லை.

கொஞ்ச நேரத்தில் எங்கள் மேல் நிழல் விழுந்தது. அத்தான் குடையோடு வந்து நின்றார். மற்றக் கையில் போனை வைத்து அம்புலன்ஸுக்கு விலாசம் சொன்னார். அவர்கள் வரும் வரைக்கும் அந்தக் குடையை இறக்கவில்லை. இந்த வெயிலில் இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் ஆளில்லை என்று அம்புலன்ஸ்காரப் பிள்ளை சொன்னாள்.

இனிச் சிரிக்கலாம். ஆஸ்பத்திரிக்கு அவருடைய மகள் வந்தாள். பவுலினா என்று பெயர், ஐம்பது வயது இருக்கும், நல்ல பெண். சிலி நாட்டுக்காரர்களாம். யாரோ சொந்தக்காரரோடு போனில் "கதேரா, கதேரா" என்று அழுதாள். இது எனக்கு விளங்கியது! நாற்காலிக்கு நாங்கள் சொல்கிற கதிரை போர்த்துக்கீசர் விட்டுப்போன சொல்தானே, இவர்களும் கிட்டத்தட்ட அந்தச் சாதி. கிழவர் கதிரையில் ஏறித் தேசிக்காய் பிடுங்கியிருக்கிறார், கதிரை முறிந்துவிட்டது, அதுதான் கதை என்று எடுத்துக்கொண்டேன். அவளுடைய முதுகைத் தடவி, கதிரைக்குப் போய் யாரும் அழுவார்களா, எங்கள் வீட்டில் சும்மா கிடக்கிறது, கொண்டுவந்து தருகிறேன் என்று இங்கிலீஷில் ஆறுதல் சொன்னேன். அவள் என்னைப் பார்த்த பார்வை! கதேரா என்றால் அவர்களுக்கு இடுப்பு. தகப்பனுக்கு இடுப்பெலும்பு முறிந்ததற்கு நான் கதிரை தருகிறேன் என்கிறேன். விளங்கினதும் அவள் அழுதுகொண்டே சிரித்தாள். நர்ஸ்மார் எட்டிப் பார்த்தார்கள்.

அதன் பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டேன். தோமா என்றால் 'இந்தாருங்கள், பிடியுங்கள்'. தோமா என்று ஒருவரும் இல்லை. கிழவரின் பெயர் எர்னான். கிட்டத்தட்ட ஒரு வருஷமாக நான் வேலியடியில் நின்று "பிடியுங்கள் அங்கிள், பிடியுங்கள் அங்கிள்" என்று கத்தியிருக்கிறேன். கையை ஏந்தாமல் பின்னே என்ன செய்வார்? மீரா என்றால் 'பாருங்கள்'. கேரளத்து நர்ஸ் அந்த ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே காலமானாள். தே நாதா என்றால் 'அது ஒன்றுமில்லை'. நாதா என்றாலே ஒன்றுமில்லை என்றுதான் அர்த்தமாம். அதைக் கேட்டு அத்தான், அப்போ எங்கட வீட்டில அந்தச் சொல் இல்லாவிட்டாலும் அர்த்தம் இருக்குது என்றார். பவுலினாவுக்கு அதை விளங்கப்படுத்த எனக்குப் பெரும்பாடு.

சிரித்து முடிய அத்தான் மெல்ல, ஆயுதமே என்றால் என்ன என்று கேட்டார். அவள் யோசிக்காமலே சொன்னாள். "எனக்கு உதவி செய்யுங்கள்."

அத்தான் தலையை ஆட்டினார். கோப்பி மெஷினடிக்குப் போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். கோயிலில் எல்லாரும் இந்தக் கதையைக் கேட்டு வயிறு வலிக்கச் சிரிக்கிறார்கள், கதிரை வரைக்கும் அவரும் கூடச் சிரிப்பார். மற்றச் சொல் வரும் முன்னே எழும்பி வெளியில் போய்விடுவார்.

என்னுடையதைக் கடைசியாகத்தான் கேட்டேன். கேட்காமல் விடலாமோ என்றும் இருந்தது. அக்கா என்றால் 'இங்கே'. அவ்வளவுதான். விழுந்து கிடந்தவர், நான் இங்கே கிடக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். எனக்கு 'ஏனக்கா' என்று கேட்டது, 'இங்கே வா'. பின்னேரங்களில் யாரை அப்படிக் கூப்பிட்டார் என்றேன். நாயை என்றாள். அப்பா தன் நாயை அப்படித்தான் கூப்பிடுவார் என்றாள்.

நான் சிரித்தேன், மிருணா. என்ன செய்வது? மாதக்கணக்காகத் தண்ணீர்க் குழாயைப் பூட்டிவிட்டு நின்று கேட்டது, ஒரு கிழவர் நாயைக் கூப்பிட்ட சத்தம்.

அடுத்த நாள் அவளுக்குப் போன் எடுத்து, அப்பா வரும் வரைக்கும் நாய்க்கு நாங்கள் சாப்பாடு வைக்கிறோம், ஒருநாளும் அதைக் கண்டதில்லை, அது எங்கே நிற்கிறது என்று கேட்டேன். நாய் இல்லை என்றாள். நாங்கள் இந்த வீட்டுக்கு வர முன்னமே செத்துவிட்டதாம். கிழவர்தான் தேசி மரத்தடியில் தன் கையால் கிடங்கு வெட்டித் தாட்டாராம். அவர் அதை மறந்துவிட்டாராக்கும் என்றேன். மறக்கவில்லை, வேறு எதை மறந்தாலும் அதை மறக்கவில்லை, தாட்ட இடத்தை ஒவ்வொரு முறையும் எனக்குக் காட்டுவார் என்றாள். அப்படியென்றால் ஏன் கூப்பிடுகிறீர்கள் என்று ஒருநாள் தகப்பனிடமே கேட்டாளாம். அதற்குக் கிழவர், "பொழுது படுகிறதே" என்றாராம். வேறு விளக்கம் இல்லை.

தம்பியை நாயோடு வைத்துக் கதைக்கிறாளே என்று கோபிக்காதீர். அவருக்கு இடம் தெரியும். எங்களுக்கு இடமும் தெரியாது, நாளும் தெரியாது. அந்த வித்தியாசம் சின்னதில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் செத்ததைத் தன் கையால் மண்ணில் வைத்த மனுசன் பின்னேரமானால் போய் நின்று கூப்பிடுகிறார். ஒன்றை ஒப்புக்கொண்டால் மற்றதை விட்டுவிட வேண்டும் என்று நான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன்.

எர்னான் அங்கிளுக்கு ஒப்பரேஷன் நல்லபடி முடிந்தது. ஆனால் இனி வீட்டுக்கு வரமாட்டார், பராமரிப்பு இல்லத்தில்தான் இருப்பார். போன கிழமை வடை கொண்டு போனோம். தட்டில் இருந்த ஜெலியை எடுத்து "தோமா" என்று நீட்டினார். வாங்கிச் சாப்பிட்டேன். அத்தான் போகும்போதும் வரும்போதும் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். வீடு விற்பனைக்கு வருகிறது. பின்னேரம் அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. அந்த நேரம் வந்தால் குழாயை இன்னும் பூட்டத்தான் செய்கிறேன்.

மிருணா, கார்ட்டை அடிக்கக் கொடும். 'காலஞ்சென்ற' என்று போடும்.

மூத்தவள் என்று என்னைக் கேட்டது உமது மரியாதை. ஆனால் காணாமல் போனவர்களைக் கேட்டுப் போட்ட தெருவோரப் பந்தலில் அவனுடைய படத்தை மடியில் வைத்துக்கொண்டு வெயிலிலும் மழையிலும் இருந்தது நீர், நான் இல்லை. அப்பா இருக்கிறாரா இல்லையா என்று கேட்கிற ஒவ்வொருவருக்கும் விளக்கம் சொல்லிப் பிள்ளை களைத்துப் போனாள் என்று அன்றைக்குச் சொன்னீர். நான் போனை வைத்தது அந்த வசனத்தில்தான். அச்சுக்குப் போக முன்னம் அகல்விழியை இருத்தி வைத்து, நீரே உமது வாயால் அவளுக்குச் சொல்லும். கார்ட்டைப் பார்த்து அவள் அறியக்கூடாது.

இன்னொரு செய்தி. வைகாசிக்கு ரிக்கெற் பார்க்கச் சொல்லிக் கபிலனுக்குப் போன் எடுத்தது நான் இல்லை, உமது அத்தான். இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து ஊருக்குத் திரும்பிப் போகப் பயந்திருந்தவர், பிள்ளையைத் தாரை வார்த்துக் கொடுக்க ஆள் வேண்டாமா என்கிறார். ஏன் எதற்கென்று நான் கேட்கவில்லை. நீரும் கேட்காதீர்.

உம்மிடம் ஒன்று கேட்க வேண்டும். அந்த நாள் நடந்ததை, பஸ் நின்ற இடம், அவன் போட்டிருந்த சட்டை, ஏறும்போது திரும்பிப் பார்த்தானா இல்லையா என்பதை எல்லாம் நீர் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறீர். விசாரிக்க வந்தவர்களுக்கு, பேப்பர்காரருக்கு, வெளிநாட்டுக்காரருக்கு. எனக்கு மட்டும் சொன்னதில்லை. நீர் தொடங்கினால் நான் பிள்ளையின் படிப்பைப் பற்றிக் கேட்டுவிடுவேன். கல்யாணம் முடிந்து சனம் எல்லாம் போன பிறகு, நாங்கள் இரண்டு பேரும் இருந்து, முதலிலிருந்து அதை எனக்குச் சொல்லும். நீர் சொல்லி முடிக்கும் வரைக்கும் நான் எழும்ப மாட்டேன்.

அகல்விழிக்கு என் ஆசி. அவள் கைபிடிக்கிறவன் பணக்காரனாகவும் வேண்டாம், பெரிய ஆளாகவும் வேண்டாம். எங்கே போனாலும் பொழுதுபட வீடு வந்து சேருகிறவனாக இருக்கட்டும்.

உமது
யோகா